சூரியனில் இருப்பதை மச்சாள் காட்டிய நாள்

என் கணவரின் தங்கை எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே அவளிடம் குறை தேடத் தொடங்கிவிட்டேன். குறை கிடைக்கவில்லை. காலையில் தன் படுக்கையைத் தானே மடித்து வைத்தாள். பிள்ளை சிணுங்கினால் எனக்கு முன்னே ஓடிப்போய்த் தூக்கினாள். நான் வைத்த கத்தரிக்காய்க் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "மச்சாள், கொழும்பில மூண்டு வருஷம் விடுதிச் சோறு திண்ட ஆளுக்குத்தான் உங்கட கையின்ர அருமை தெரியும்" என்றாள். அதில் என்ன குறை சொல்ல முடியும்? ஆனாலும் அன்று பாத்திரம் கழுவும்போது 'கொழும்பில மூண்டு வருஷம்' என்பது மட்டும்தான் என் காதில் நின்றது.

அவளுக்கும் எனக்கும் ஒரே வயது, இருபத்திரண்டு. அவள் கொழும்பில் விஞ்ஞானம் படித்துப் பட்டம் எடுத்தவள். நான் யாழ்ப்பாணத்தில் மகளிர் விடுதிப் பாடசாலையில் சீனியர் வரை படித்தேன், நன்றாகவே தேறினேன், அந்த ஆவணியிலேயே கழுத்தை நீட்டினேன். என் கணவர் கண்டியில் ஓர் ஆண்கள் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியர். அம்பிட்டியச் சரிவில் ஒரு சிறிய வாடகை வீடு எடுத்திருந்தோம். மலேரியாக் காய்ச்சல் நாட்டைக் கலக்கி ஓய்ந்த மறு வருஷம் அது, முப்பத்தாறாம் ஆண்டு. பிள்ளைக்கு எட்டு மாதம். அவன் நெற்றியை நாளைக்கு இருபது தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சூடாக இருந்தாலும் பயம், குளிர்ந்திருந்தாலும் பயம்.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் மச்சாள் என்றே கூப்பிட்டோம். மச்சாள் வந்தது வேலை தேடி. நகரத்துப் பெண்கள் கல்லூரி ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்க ஆள் தேவைப்பட்டது. தலைமையாசிரியை வெள்ளைக்காரப் பெண்மணி. பட்டத்தைப் பார்த்து மட்டும் ஆளை எடுக்கமாட்டேன், பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்டவேண்டும் என்று சொல்லி நாளும் குறித்துவிட்டார். அதே கிழமை என் மாமனாரிடமிருந்து கடிதம் வந்தது. தை பிறக்க முன்னம் வேலை கிடையாவிட்டால் தங்கையை ரயிலேற்றி அனுப்பிவிடு, சாவகச்சேரிப் பகுதியில் சம்பந்தம் பேசி வைத்திருக்கிறேன், இனியும் சாட்டுச் சொல்ல முடியாது என்று என் கணவருக்கு எழுதியிருந்தார். கடிதத்தை அவர் வாசித்துவிட்டு என்னிடம் தந்தார். மச்சாள் ஏற்கெனவே என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு உந்தச் சம்பந்தம் வேண்டாம் மச்சாள்" என்றாள். "எனக்கு எந்தச் சம்பந்தமும் இப்ப வேண்டாம். இந்த ஒரு பாடம்தான் இருக்கு."

"எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று சொன்னேன். சொல்லும்போதே, நடக்காவிட்டால் இவள் தைக்குள் போய்விடுவாள் என்று மனத்துக்குள் நாள் எண்ணினேன். எண்ணியது எனக்குத் தெரியும். பிறகு பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

அவள் மீது எனக்கு என்ன கோபம் என்பதைச் சொல்லிவிடவேண்டும். இராச் சாப்பாட்டு மேசையில் அண்ணனும் தங்கையும் கதைத்தார்கள். அதுதான் கோபம்.

கலியாணமான புதிதில் அவர் என்னிடமும் அப்படிக் கதைக்கத் தொடங்கியவர். ஒருநாள் ஒரு முக்கோணக் கண்ணாடியைக் கொண்டுவந்து, சன்னல் பலகையின் ஓட்டையால் வந்த வெயிலை வெள்ளைச் சுவரில் ஏழு நிறமாக விழுத்திக் காட்டினார். ஒவ்வொரு மூலகமும் எரியும்போது தனக்கென்று ஒரு நிறக்கோடு வைத்திருக்கிறது, மனிதருக்குக் கைரேகை மாதிரி, அதை வைத்துத்தான் சூரியனில் என்ன இருக்கிறதென்று இங்கிருந்தே சொல்கிறார்கள் என்றார். மிச்சத்தை நாளைக்குச் சொல்கிறேன் என்றார். மறுநாள் எனக்கு வாந்தி தொடங்கிவிட்டது. மசக்கை நாலு மாதம் நீடித்தது. அவர் கதைக்கும்போது நான் இரண்டு தடவை உறங்கிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குப் பாதியில் நின்ற கதையை அவர் இப்போது தங்கைக்கு முழுதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

மச்சாள் தன் பாடத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள், நாமும் சூரியனும் ஒரே சாமானால் ஆனவை என்பது. அதனால் ஒவ்வொரு நாளும் மேசையில் அதுவே கதை. ஈலியம் என்ற வாயுவைப் பூமியில் ஒருவரும் காணுமுன் சூரியனில்தான் கண்டுபிடித்தார்களாம். பல வருஷம் கழித்துத்தான் அது பூமியிலும் அகப்பட்டதாம். எங்கள் சபரகமுவ ஆற்றுமணலில் இரத்தினக்கல் அரிப்பவர்கள் எறிந்துவிடுகிற ஒரு கறுத்தக் கல்லைச் சுட்டாலும் அதே வாயு வருமாம். அந்தக் கல்லுக்குள் ஒரு மூலகம் மெல்ல மெல்ல உடைந்து ஈயமாக மாறிக்கொண்டிருக்கிறதாம்.

"அது உடைஞ்சு இன்னொண்டா வாறது சரி அண்ணா" என்பாள் மச்சாள். "முதலில கட்டினது ஆர்?"

"சூரியன்தான் கட்டுது எண்டு இப்ப சொல்லினம். சூரியன்ர பெரும்பங்கு ஐதரசன். நாலு ஐதரசன் சேர்ந்து ஒரு ஈலியம். ஆனா நிறுத்துப் பார்த்தால் நாலின்ர பாரமும் அதில இல்லை. நூறில ஒண்டுக்கும் குறைவு, காணாமப் போகுது. அந்தக் காணாமப் போனதுதான் வெயில்."

நான் சோற்றுக் கரண்டியோடு நின்றுவிட்டேன். அன்று பகல் முழுவதும் துவாய்களைக் காயப்போட்டு எடுத்த வெயில்.

"இஞ்சாரும், ரசம்" என்றார்.

இன்னொரு நாள் எலும்பிலுள்ள சுண்ணாம்பைப் பற்றியும் இரத்தத்திலுள்ள இரும்பைப் பற்றியும் பேச்சு வந்தது. பாரமான மூலகங்கள் எப்படி உண்டாயின என்று இன்னும் ஒருவருக்கும் விளங்கவில்லை, ஏதோ ஒரு நட்சத்திரத்தின் வயிற்றுக்குள் என்று சிலர் நினைக்கிறார்கள், அவ்வளவுதான் என்றார். நான் அறைக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்தேன். அவன் கை எலும்பு, கால் எலும்பு எல்லாம் நான் செய்தவை என்று நினைத்திருந்தேன். அதற்காக டாக்டர் எழுதித் தந்த இரும்புச்சத்து மருந்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தவள் நான். அதிலும் எனக்கு முன் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்றால் யாருக்குத்தான் மனம் கோணாது? சிரிக்கத்தான் வேண்டும், ஆனால் அன்று அழுதேன்.

வேலிக்கு அப்பால் ஒரு துணிக்கடைக்காரரின் மனைவி இருந்தார், சோனக முஸ்லிம் பெண், என்னிலும் பத்து வயது மூத்தவர். எங்கள் வீட்டில் நடப்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

"தங்கச்சி, ஒங்கட வூட்டுல ரெண்டு வாத்தியார், ஒரு கோக்கி. நல்லா ஈக்கிது" என்றார் ஒருநாள். கோக்கி என்றது சமையல்காரியை.

"கோக்கிக்கு மாசம் சம்பளம் இருக்கு. எனக்கு அதுவும் இல்லை" என்றேன்.

அவர் வாயைப் பொத்திச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தக் 'கோக்கி' இரண்டு நாளாக எனக்குள் உறுத்தியது.

பாடத்துக்கு மூன்று நாளைக்கு முன்னர் அவர்கள் வீட்டிலேயே ஒத்திகை பார்த்தார்கள். கணவர் தன் கல்லூரியிலிருந்து ஸ்பிரிட் விளக்கும் மூன்று பிளாட்டினக் கம்பிகளும் கொண்டுவந்திருந்தார். கம்பி நுனியைத் தண்ணீரில் நனைத்து, ஒரு பொடியில் தொட்டு, சுவாலையில் பிடிக்கவேண்டும். மயில்துத்தத்துக்குப் பச்சை. சாப்பாட்டு உப்புக்குக் கண்ணைக் குத்தும் மஞ்சள். வெடியுப்பில் பொற்றாசியம் இருக்கிறது, அதற்கு ஊதா. மெல்லிய ஊதா, கத்தரிப்பூ மாதிரி. நான் சமையலறை வாசலில் பிள்ளையோடு நின்று பார்த்தேன்.

"இந்த ஊதாதான் கூச்சக்காரன்" என்றார் கணவர். "உப்பு ஒரு துளி பட்டாலும் மஞ்சள் வந்து அதை மூடிப்போடும். கம்பியை விரலால தொட்டாலே காணும், வேர்வை உப்பு போதும். அதால ஊதாவை முதலில காட்டு. மூண்டு கம்பியையும் ஒண்டோட ஒண்டு முட்டவிடாதை."

"அப்பிடி மஞ்சள் வந்திட்டால்?"

"நீலக் கண்ணாடிக்கால பார். நீலம் மஞ்சளை விழுங்கிப்போடும், ஊதாவை விடும்."

"கல்லூரியில நீலக் கண்ணாடி இருக்கோ?"

"இருந்தது, உடைஞ்சு போச்சு. நீ கவனமா இருந்தால் அது தேவைப்படாது."

இதையெல்லாம் நான் கேட்டேன். கேட்கவில்லை என்று எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். கேட்டேன்.

பாடத்தன்று காலை பிள்ளை பால் குடிக்கவில்லை. வயிற்றைத் தொட்டால் வீரிட்டான். முதல்நாள் மச்சாள் அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு, "எங்கட வடிவுக் குஞ்சு, அத்தையின்ர கண்ணே பட்டிடும்" என்று கொஞ்சியிருந்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது. கைநிறைய உப்பும் மூன்று செத்தல் மிளகாயும் எடுத்து, அவன் தலையை மூன்று முறை சுற்றி, அடுப்பில் போட்டேன். உப்பு படபடவென்று வெடித்தது. மிளகாய் நெடி அவ்வளவாக வரவில்லை. நெடி வராவிட்டால் கண்ணூறு பலமாக இருக்கிறது என்பார்கள். கண்ணூறு கழிக்கும்போது யார் கண் என்று நான் நினைத்தேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டுமா? மச்சாளைத்தான் நினைத்தேன்.

அந்த நேரம் கணவர் முன்னறையிலிருந்து குரல் கொடுத்தார். "இஞ்சாரும், மேசையில இருக்கிற சாமானுகளைக் கூடைக்குள்ள அடுக்கி விடுமன், நேரம் போகுது."

கம்பிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கண்ணாடிக் குழாய்க்குள் இருந்தன. ஒன்றின் தக்கை கழன்று கம்பி வெளியே கிடந்தது. நுனியில் கரி மாதிரி ஏதோ இருந்தது. அழுக்கென்று நினைத்து விரலால் வழித்துத் துடைத்து, குழாய்க்குள் போட்டுத் தக்கையை இறுக்கினேன். கை கழுவியிருக்கவில்லை. குழாயில் ஒட்டியிருந்த தாளில் மச்சாளின் சின்ன எழுத்தில் 'வெடியுப்பு' என்று இருந்தது. அதை வாசித்தது துடைத்த பிறகா, துடைக்க முன்னமா என்பது இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. சில நாள் பிறகுதான் என்று இருக்கும். சில நாள் அப்படி இருக்காது.

நானும் போனேன். வீட்டுப் பெண் ஒருத்தி கூடவந்தால் நல்லது என்று கணவர் நினைத்தார். பிள்ளைக்கு மாற்றுத் துணி, துவாய், ஓமத்தண்ணீர்ப் போத்தல் எல்லாம் பையில் போட்டுக்கொண்டு அம்பிட்டிய இறக்கத்தில் நடந்தோம். மச்சாள் வழிமுழுதும் வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டு வந்தாள். வாவிக் கரையில் ஒருதரம் நின்று, "மச்சாள், என்ர கை குளிருது, பாருங்கோ" என்று என் கையைப் பிடித்தாள். ஐஸ் மாதிரி இருந்தது. நான் என் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இழுத்துக்கொள்ள நினைத்தேன்.

வகுப்பறையில் முப்பது பெண்பிள்ளைகள். சன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். தலைமையாசிரியை முன்வரிசையில் கதிரையில் இருந்தார், மடியில் ஒரு கொப்பி. என் கணவர் சுவரோரம் நின்றார். நான் பிள்ளையோடு கடைசி வாங்கில் இருந்தேன்.

அவள் நன்றாகத் தொடங்கினாள். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆங்கிலத்தில், அவசரமில்லாமல், அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியோடு தனியே கதைப்பதுபோலப் பேசினாள். சூரியனுக்கு ஒருவரும் போனதில்லை, போகவும் முடியாது, ஆனால் அங்கே என்ன இருக்கிறதென்று தெரியும், எப்படித் தெரியும் என்று பாருங்கள் என்றாள். "முதலில் மிகவும் வெட்கப்படுகிற ஒருவரைக் கூப்பிடுவோம்" என்று சொல்லிக் கம்பியை வெடியுப்பில் தொட்டுச் சுவாலையில் பிடித்தாள்.

மஞ்சள்.

கம்பியை எடுத்துச் செக்கச்செவேலென்று சுட்டாள். மறுபடி வெடியுப்பில் தொட்டாள். மஞ்சள். உப்பு அந்தப் பொடியிலும் ஒட்டிவிட்டிருந்தது. மூன்றாம் முறையும் மஞ்சள். தலைமையாசிரியை கொப்பியில் ஏதோ எழுதினார். பிள்ளைகளில் இரண்டு பேர் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். மச்சாளின் குரல் நின்றது. அவள் அண்ணனைப் பார்த்தாள். அவர் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். இது அவளுடைய பாடம். அவர் வாய் திறந்தால் வேலை போய்விடும்.

என் பைக்குள் நீலக் கண்ணாடி இருந்தது. பிள்ளையின் ஓமத்தண்ணீரை நான் ஊற்றி வைத்திருந்தது ஒரு பழைய மருந்துப் போத்தலில். கடும் நீலம். அதை நான் புறப்படும்போது நினைக்கவில்லை. மூன்றாவது மஞ்சள் எழும்பியபோதுதான் நினைத்தேன். பைக்குள் கைவிட்டுப் போத்தலைப் பிடித்துக்கொண்டேன். பிடித்தபடி இருந்தேன். எவ்வளவு நேரம்? சுவாலை இரண்டு தடவை அசைந்து நிமிர்ந்த நேரம். அந்த நேரத்தில் நான் தை மாதத்து யாழ்ப்பாண ரயிலைப் பார்த்தேன், அதில் அவள் ஏறுவதைப் பார்த்தேன், எங்கள் மேசையில் இரண்டு சோற்றுக் கோப்பைகளை மட்டும் பார்த்தேன்.

பிறகு எழுந்து நடந்தேன். இடுப்பில் பிள்ளை, கையில் போத்தல். சன்னல் துணியை விலக்கி ஓமத்தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு அவளிடம் நீட்டினேன். "இதுக்கால பாரும்" என்றேன்.

நல்ல மனத்தால் செய்ததென்று நினைக்கவேண்டாம். எழும்பும்போது நான் பார்த்தது என் கணவரின் முகத்தை. எனக்கும் தெரியும் என்று அவர் பார்க்கவேண்டும். அதற்காகத்தான் எழும்பினேன்.

மச்சாள் போத்தலைச் சுவாலைக்கு முன் பிடித்தாள். அவள் தோள் இறங்கியது. பிறகு பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தாள். "ஒருவர் கையில் இருந்த உப்பு, கண்ணுக்கே தெரியாத அளவு, இவ்வளவு பெரிய ஊதாவை மறைத்துவிட்டது. அப்படிப்பட்ட உப்பின் கோடு சூரியனிலும் இருக்கிறது. வரிசையாக வந்து பாருங்கள்" என்றாள். முப்பது பிள்ளைகளும் வந்து போத்தலூடாகப் பார்த்தார்கள். தலைமையாசிரியையும் எழுந்து வந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். கடைசியாகப் பார்த்தது நான். ஊதா, அவர் சொன்னது போலக் கூச்சத்தோடு, இருந்தது.

தலைமையாசிரியை போகுமுன் என்னைக் காட்டி, இவர் உங்கள் உதவியாளரா என்று மச்சாளிடம் கேட்டார். "இல்லை, என் அண்ணனின் மனைவி" என்றாள். அவள் பெருமையாகத்தான் சொன்னாள். எனக்கு அந்த 'இல்லை' மட்டும் கேட்டது.

நாலாம் நாள் நியமனக் கடிதம் வந்தது. மச்சாள் அதைக் கொண்டு சமையலறைக்கு வந்தாள். நான் அவளிடம் சொல்லிவிடத் தீர்மானித்திருந்தேன்.

"அந்தக் கம்பியைத் துடைச்சது நான்" என்றேன். "உப்புக் கையால."

"தெரியும். கூடையை அடுக்கினது நீங்கள்தானே."

"தெரிஞ்சும் ஏன் கேக்கேல்லை?"

"என்னத்தைக் கேக்கிறது? பாடம் நடத்திற ஆள்தான் தொடங்க முன்னம் கம்பியைச் சுட்டுப் பாக்கவேணும். நான் பாக்கேல்லை. பயத்தில மறந்து போனன். பிழை என்ர."

என் குற்றத்தைக்கூட அவள் எடுத்துக்கொண்டாள். எனக்கென்று அந்த நாளில் இருந்தது அது ஒன்றுதான். நான் தேங்காய் துருவினேன்.

அவள் போகவில்லை. கதவுநிலையில் சாய்ந்துகொண்டு, கல்லூரி விடுதியில் தனக்கு ஓர் அறை தருகிறார்கள் என்றாள். "அண்ணாட்டை இன்னும் சொல்லேல்லை. முதல் உங்களிட்டைக் கேக்கிறன். நான் இஞ்ச இருக்கிறதோ, அங்க போறதோ? உங்களுக்குக் கரைச்சல் எண்டால் சொல்லுங்கோ மச்சாள். நான் மனசில வைக்கமாட்டன்."

வாய்வரை வந்தது, 'போம்' என்று. அவள் போனால் வீடு எனக்கு. ஆனால் மேசையில் அந்தக் கதைகள் இருக்கமாட்டா. அவர் விடுதிப் பக்கம் நடந்துபோய் வாசலில் நின்று தங்கையோடு கதைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து ரசம் கேட்பார். அது இதைவிட மோசம். இதை எல்லாம் நான் தேங்காய்ப் பாதி துருவி முடிக்குமுன் யோசித்தேன். சரியாக யோசித்தேனா என்று இன்றும் ஐயம்.

"இரும்" என்றேன். "ஆனா ஒண்டு. இராச் சமையல் நாள்விட்டு நாள். ஒருநாள் நான், ஒருநாள் நீர்."

அவள் முழித்தாள். "எனக்குத் தேத்தண்ணி மட்டும்தான் வைக்கத் தெரியும்."

"பழகும்."

"அண்ணா பட்டினி கிடப்பார்."

"கிடக்கட்டும்."

அவள் சிரித்தாள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை என்று விளங்கியதும் சிரிப்பை நிறுத்தித் தலையாட்டினாள். கணவரிடம் நானே சொன்னேன். அவர் புருவத்தை உயர்த்தினார், பிறகு, "சரி, நீங்கள் ரெண்டுபேரும் கதைச்சது" என்று முடித்துக்கொண்டார்.

மச்சாளின் முதல் நாள் சமையலில் சோறு குழைந்தது, பருப்பு அடிப்பிடித்தது. நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மேசையில், அவருக்கு எதிரே இருந்தேன். அந்த வீட்டில் நான் முதல் ஆளாகச் சோற்றுக் கோப்பையில் கைவைத்தது அன்றுதான். ஒரு மாதமாக மனத்தில் வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்.

"இரும்பு எப்பிடி உண்டாச்சுது? ஈலியத்தில இருந்து இரும்புக்குப் போற வழி என்ன?"

அவர் சாப்பிடுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். "தெரியாது" என்றார். "ஒருத்தருக்கும் தெரியாது. நீர் என்ன நினைக்கிறீர்?"

அப்படி ஒரு கேள்வி என்னிடம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வாயில் சோறு இருந்தது. விழுங்கிவிட்டு, நாலு சேர்ந்து ஒன்றாக முடியுமென்றால் அந்த ஒன்றுகள் மறுபடி சேராதா, அதற்கு இன்னும் கூடிய சூடு வேண்டியிருக்குமோ என்று சொல்லத் தொடங்கினேன்.

"அண்ணா, அது லேசில்லை" என்று மச்சாளின் குரல் அடுப்படியிலிருந்து வந்தது. "ரெண்டு ஈலியம் சேர்ந்தால் நிலைக்கிற ஒண்டும் வராது—"

அவர் தலை அந்தப் பக்கம் திரும்பியது. சமையலறைக் கதவைச் சாத்திவிடலாமா என்று ஒருகணம் நினைத்தேன். பிறகு கதிரையை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "நான் இன்னும் சொல்லி முடிக்கேல்லை" என்றேன்.